மொஸ்க்விச் வானின் முன் சீற்

ஹெனிங் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு நீல ஃபைலை விரித்து, அதிலிருந்து மட்டை ஒன்றை எடுத்து என் கணவருக்கு முன்னால் தள்ளினார்.

“இது உங்கள் பெயர்தானே?”

வாகனப் பதிவு மட்டை. ஒரு மூலையை எலி தின்றிருந்தது. மிச்சத்தில் சிவானந்தன் என்ற பெயர் டெனிஷ் எழுத்தில் தட்டச்சாகிக் கிடந்தது. ஒக்டோபர் 1987.

“இஞ்ச பாரும் ஞானம்! எங்கட மொஸ்க்விச்!” என்று என் கணவர் கத்தினார்.

“ஏன் கத்துறியள்? அந்தாள் பயப்பிடப் போகுது.”

ஹெனிங் பயப்படவில்லை. இருபது நிமிடமாக என் வடையைத் தின்றுகொண்டு இந்தக் கத்தலுக்காகவே காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தார். தபால் வான் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். எங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். எக்ட்வெட் பக்கம் ஒரு பண்ணையில் பாதி மண்ணுக்குள் கிடந்த வானை இழுத்து வந்து, நாலு குளிர்காலம் இருந்து திருத்தியிருக்கிறார். மட்டையில் இருந்த பெயரை வைத்துக் கோல்டிங்கில் எங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

“சீற்றுக்குக் கீழே கிடந்தது” என்றார் டெனிஷில். “அதற்கு மேலே இருபது வருடமாகக் கோழிகள் முட்டையிட்டிருக்கின்றன.”

“எந்த சீற்?” என்று நான் கேட்டேன்.

“முன் சீற்தான். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பது. கோழிகளுக்கு அதுதான் பிடித்திருந்ததாம்.”

கோழிகளுக்குக்கூட.

பிறகு அவர் ஃபைலைப் புரட்டிப் புரட்டி வானின் கதையைச் சொன்னார். “1973இல் மொஸ்கோவில் செய்தது. கப்பலில் வந்தது. அந்த நாளில் இதை வாங்கியவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். பனி கொட்டினால் சிரித்தவனுடைய கார் ஸ்டார்ட் வராது, இது வரும். பற்றரி செத்தாலும் முன்னால் கம்பியைக் கொடுத்துச் சுற்றினால் வரும்.”

“சுற்றியிருக்கிறேன், சுற்றியிருக்கிறேன்!” என்று என் கணவர் தோள்மூட்டைத் தொட்டுக் காட்டினார்.

“முதல் சொந்தக்காரர் ப்ரெடெரீசியாவில் ஒரு பேக்கரிக்காரர். ஒன்பது வருடம் பாண் ஏற்றினார். மா பறந்து வந்து கோட்டில் படுகிறது என்று முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் பலகை அடித்தவர் அவர்தான். இரண்டாவது ஆள் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். அவர் கொட்டிய பச்சைப் பெயின்றைச் சுரண்ட எனக்கு ஒரு மாதம் போனது. மூன்றாவது நீங்கள். உங்களுக்குப் பிறகு பண்ணைக்காரர், பிறகு கோழிகள், பிறகு நான். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.”

வருகிற ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தடியில் பழைய வாகனக்காரர்களின் சந்திப்பு. வானுக்குப் பக்கத்தில் இந்தப் பக்கங்களைப் பலகையில் ஒட்டி வைப்பாராம். பதினொரு மணிக்குப் படம் எடுப்பார்கள்; அந்த நாளில் எப்படி இருந்து போனீர்களோ அப்படியே முன்னால் ஏறி இருக்க வேண்டும். கிளப் சஞ்சிகையில் வரும்.

“சொல்லுங்கள், என்ன ஏற்றினீர்கள்?”

என் கணவர் அடுக்கத் தொடங்கினார். தேங்காய், அரிசி, கத்தரிக்காய், கருவாடு. ஒடியல் மாவை டெனிஷில் சொல்லப் போய் ஐந்து நிமிடம் திண்டாடி, கடைசியில் ‘மரத்தின் கிழங்கில் செய்த மா’ என்றார். ஹெனிங் அதையும் மரியாதையோடு எழுதினார். வெள்ளிக்கிழமைகளில் தலைநகர்ப் பக்கம் ஹ்விடோவ்ரேயிலிருந்து ஒருவர் சாமான் கொண்டுவந்து எங்களிடம் இறக்குவார், சனிக்கிழமைகளில் நாங்கள் வெய்லெ, ஹோர்சன்ஸ், ஹெர்னிங், கிரின்ஸ்டெட் என்று தமிழ் வீடுகளுக்குக் கொண்டுபோவோம், எங்கள் பக்கத்தில் அப்போது தமிழ்க்கடை இல்லை என்பதையெல்லாம் எழுதினார்.

“ஓட்டினது நீங்கள். பக்கத்தில் யார் இருந்தது?”

“விஜிதா” என்றார் என் கணவர்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஒடியல் மாவுக்கு ஐந்து நிமிடம் எடுத்த மனிதர்.

ஹெனிங் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். “அது நீங்களா?”

“இல்லை. அது இவருடைய நண்பரின் மனைவி.”

“அப்படியானால் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“அரிசி மூட்டையில்.”

வயிறு குலுங்கச் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். அதை எழுதவில்லை.

அவர் போனதும் கோப்பைகளைக் கழுவினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கழுவினேன்.

“என்ன ஞானம், கோப்பையளை உடைக்கப் போறீரோ?”

“உங்கட வாயில என்ர பெயர் வரேல்லைத்தானே.”

“அந்தாள் கேட்டது பக்கத்தில ஆர் இருந்தது எண்டு. விஜிதாதானே இருந்தவ? என்னைப் பொய் சொல்லச் சொல்லுறீரோ?”

“பொய் சொல்ல வேண்டாம். ஒருக்கா யோசிச்சிட்டுச் சொல்லியிருக்கலாம். யோசிக்காமல் வந்துதே, அதைத்தான் சொல்லுறன்.”

“விசர்க் கதை கதையாதேயும். முப்பத்தைஞ்சு வருசம்! அந்தப் பிள்ளை என்னை அண்ணை எண்டு கூப்பிடுறவ.”

“நானும் அப்பிடித்தான் கூப்பிட்டனான், கலியாணத்துக்கு முதல்.”

அவர் எழும்பிப் போனார். தொலைக்காட்சியைப் போட்டார்.

அந்த வானில் இருந்தது இரண்டே இரண்டு சீற். போனது நாலு பேர். இப்போது யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் நியாயம் இருந்தது. லைசன்ஸ் என் கணவரிடம் மட்டும்தான். மூட்டை தூக்க விஜிதாவின் புருசன் தவராஜா வேண்டும். ஆம்பிளைகள் மட்டும் போய் மணி அடித்தால் திறக்காத கதவுகள் இருந்தன. புருசன் வேறொரு நாட்டில் மாட்டிக்கொண்டு நிற்க, குழந்தைகளோடு தனியே இருந்த பெண்களின் வீடுகள். ஆகவே ஒரு பெண்ணும் வேண்டும். விஜிதா எங்களைவிட எட்டு மாதம் முந்தி வந்தவள். டெனிஷ் வாசிப்பாள், வரைபடம் பார்ப்பாள். முன்னுக்கு இருந்தால் தனக்கு வாந்தி வருகிறது என்று தவராஜா பின்னால் ஏறிவிட்டார்.

“அப்ப சரி, மூண்டு பேர் போதும்” என்றார் என் கணவர்.

“நான்?”

“நீர் நிண்டு சமையும்.”

“நானும் வாறன்.”

அதற்கு மட்டும் எந்த நியாயமும் இருக்கவில்லை. என் கணவரையும் விஜிதாவையும் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் சோடியாக அனுப்பிவிட்டு வீட்டில் நின்று பருப்பு அவிக்க என்னால் முடியாது. அவ்வளவுதான்.

வானுக்கு மஞ்சள் நம்பர் பிளேற். அப்படியென்றால் சாமான் வண்டி, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. வாங்கும்போது எங்களுக்கு அது தெரியாது. மஞ்சள் எடுப்பாக இருக்கிறது, தூரத்திலேயே தெரியும் என்று சந்தோசப்பட்டோம். மூன்றாம் கிழமை யாரோ சொல்லித் தெரிந்தது. தெரிந்த பிறகும் மூன்று வருடம் அப்படியே போனோம்.

பின்பக்கத்தில் யன்னல் இல்லை. வெளியே தகரம், முன்னால் பேக்கரிக்காரரின் பலகை. இருட்டு. முன்னுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. எங்கள் யூட்லாந்துப் பக்கத்தில் இருக்கிற கொஞ்ச வெயிலும் அந்த சீற்றில்தான் விழும். அந்த ரஷ்யக்காரர்கள் பூட்டிய ஹீற்றர் அடுப்பு மாதிரி எரியும், முன்னுக்கு மட்டும். போய்ச் சேர்ந்ததும் விஜிதா கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, கன்னம் சிவக்க இறங்குவாள். நான் இரண்டு கம்பளிக்குள்ளும் விறைத்துப்போய், உடுப்பெல்லாம் அரிசித் தூசியோடு இறங்குவேன். அவள் இறங்கிய கதவுக்குள்ளிருந்து மண்டரின் மணம் வரும். உரித்த தோல்கள் அவளுடைய கையில் இருக்கும்.

“மண்டரின் ஆருக்கு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வழியில சாப்பிடத்தான் அக்கா” என்றாள்.

வீட்டில் இந்த மனிதர் மண்டரின் தொட மாட்டார். புளிக்கிறதாம். வெய்லெ போகுமட்டும் எத்தனை சுளை, ஹோர்சன்ஸ் போகுமட்டும் எத்தனை சுளை, அவள் எடுத்து நீட்டுவாளா, வாயில் வைப்பாளா என்று நான் மூட்டையில் இருந்து கணக்குப் பார்த்திருக்கிறேன்.

1990இல் வானை விற்றோம். தவராஜாவுக்கு ஓல்போர்க்கில் வேலை கிடைத்து அவர்கள் அங்கே போனார்கள். பிறகு கலியாண வீடுகளில், சாமத்தியச் சடங்குகளில் கண்டுகொண்டதுதான். நாலு வருடத்துக்கு முன் தவராஜா செத்துப்போனார். இவ்வளவு காலத்தில் அந்த சீற்றை நான் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஹெனிங் வந்து ஃபைலை விரித்ததும் தெரிந்துவிட்டது, மறக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த சஞ்சிகையில், அந்தப் படத்தில், அந்த சீற்றில் நான் இருக்க வேண்டும்.

“விஜிதாவுக்கு நீர் ஒருக்கா அடிச்சுச் சொல்லும்” என்றார் என் கணவர் அடுத்த நாள். “பதினொண்டுக்குப் படம் எண்டு சொல்லும்.”

அடித்தேன்.

“அக்கா! வான் இன்னும் இருக்கோ? உண்மையாவோ?”

“ஓம். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தடிக்குக் கொண்டு வாறாங்களாம்.”

“எத்தினை மணிக்கு?”

“ரெண்டு மணிக்கு.”

என் வாய்தான் சொன்னது. நான் தடுக்கவில்லை.

“அப்ப ஆறுதலா வெளிக்கிடலாம்” என்றாள் விஜிதா.

ஞாயிற்றுக்கிழமை நான் நாவல் நிறச் சேலை உடுத்தி, மேலே புதுக் கோட் போட்டேன். என் கணவர் படியில் நின்று பார்த்தார்.

“ஆருக்குக் கலியாணம்?”

“வானுக்கு.”

பத்தேகாலுக்குத் துறைமுகத்தடியில் இருந்தோம். இருபது முப்பது பழைய வாகனங்கள் வரிசையில் நின்றன. எங்களுடையதைத் தேடத் தேவையிருக்கவில்லை. வான நீலம், மஞ்சள் பிளேற், முகம் பார்க்கக்கூடிய பளபளப்பு. நாங்கள் வைத்திருந்த காலத்தில் அது ஒருநாளும் அவ்வளவு வடிவாக இருந்ததில்லை.

முன் கதவு திறந்திருந்தது. முன் சீற்றில் விஜிதா இருந்தாள்.

நரைத்த முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஹெனிங் சொல்லும் பகிடிக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். சிரித்தது ஹெனிங்தான்.

“வாங்கோ அக்கா. வாங்கோ அண்ணை. நீங்கள் ரெண்டு மணி எண்டியள். கிளப்பின்ர இணையப் பக்கத்தில பாத்தன், பதினொண்டு எண்டு கிடந்தது. விடிய வெள்ளன ரெயின் பிடிச்சு வந்திட்டன்.”

“அப்பிடியே? எனக்கு வயசு போட்டுது விஜிதா. மணியள் மாறிப்போகுது.”

“ஓம். மாறும்தானே.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். ஹெனிங் ஒட்டிய பக்கங்களில் மூன்றாவது எங்களுடையது. ‘ஓட்டுநர்: சிவானந்தன். வழிகாட்டி: விஜிதா.’ கீழே தேங்காய், கத்தரிக்காய், மரத்தின் கிழங்கில் செய்த மா. முழுவதும் வாசித்தேன். நான் இல்லை. அடுத்த பக்கத்தில் கோழிகளின் எண்ணிக்கைகூட இருந்தது. பதினான்கு.

ஹெனிங் என் கணவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பொனற்றைத் திறந்து இயந்திரத்தைக் காட்டத் தொடங்கினார். நானும் விஜிதாவும் கதவடியில் தனித்தோம்.

“கொஞ்சம் இறங்குமன் விஜிதா. நான் ஒருக்கா இருந்து பாக்கவேணும்.”

“இருந்து பாக்கவோ, படம் எடுக்கவோ?”

“ரெண்டுக்கும்தான்.”

“அதை நேர சொல்லியிருக்கலாம் அக்கா. அதுக்கு ஏன் என்னை ரெண்டு மணிக்கு வரச் சொன்னியள்?”

முகம் சுட்டது. சுட்டதும் வாய் திறந்துகொண்டது. “மூண்டு வருசம் நீர் இதில குந்தியிருந்தனீர். நான் பின்னுக்கு விறைச்சுக் கிடந்தன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘அக்கா இண்டைக்கு நீங்கள் முன்னுக்கு இருங்கோ’ எண்டு கேட்டனீரோ?”

“கேக்கேல்லை.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேட்டால் நீங்கள் முன்னுக்கு வந்திடுவியள். நான் பின்னுக்குப் போகவேணும்.”

“போனால் என்ன? உம்மட புருசன்தானே பின்னுக்கு இருந்தது.”

“அதுதான்.” கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். “என்னோட அவர் அப்பிடிச் சிரிக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சதை நேர போய் இருந்து பாக்கப் பயம்.”

“ஆர் சிரிச்சது?”

“ஆர் எண்டோ கேக்கிறியள்! வெய்லெ போகுமட்டும் சிரிப்பு. வெய்லெயில இறக்கிப்போட்டு ஏறினால் ஹோர்சன்ஸ் போகுமட்டும் சிரிப்பு. பலகைக்கு அங்கால நீங்களும் என்ர மனுசனும். ஒரு சொல்லு விளங்காது, சிரிப்பு மட்டும் வரும். இஞ்சால அண்ணை கல்லு மாதிரி. நான் மண்டரினை எடுத்து உரிச்சு உரிச்சு… ஏன் உரிச்சனான் தெரியுமோ? கைக்கு ஒரு வேலை வேணும். இல்லாட்டி அந்தப் பலகையை உடைச்சிருப்பன்.”

“அவருக்குக் குடுக்கவோ உரிச்சனீர்?”

“ஆர், அண்ணைக்கோ? அவர் தொட்டும் பாக்கார். முழுக்க நான்தான் திண்டனான். வயித்தெரிச்சலுக்கு மேல வயித்தெரிச்சல்.”

அவள் நிறுத்தவில்லை.

“வீட்டை வந்து கேப்பன். ‘என்னப்பா அப்பிடி ஒரு சிரிப்பு?’ ‘சும்மா’ எண்டுவார். முப்பது வருசம் ‘சும்மா’. ஆஸ்பத்திரியில கடைசிக் கிழமையும் கேட்டன். ‘அது வானுக்குள்ள கதை விஜி’ எண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிட்டார். செத்தவீட்டில நீங்கள் அழுதியள். பாத்தனான். எனக்குத் தெரியாத ஏதோ ஒண்டுக்குத்தான் அழுறியள் எண்டு நினைச்சன். எனக்குக் கண்ணீரே வரேல்லை, அவ்வளவு கோவம். அக்கா, இப்ப கேக்கிறன். என்ன கதைச்சனீங்கள்?”

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. என்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்திருக்கிறாள். அரிசித் தூசியோடு இறங்கிய என்னைப் பார்த்து, கன்னம் சிவந்தவள் எரிந்திருக்கிறாள். அந்த நினைப்பு தேன் மாதிரி தொண்டையில் இறங்கியது. அதை நான் அவசரப்பட்டு விழுங்கவில்லை.

“எனக்கு ஞாபகமில்லை விஜிதா” என்றேன்.

எல்லாம் ஞாபகம் இருந்தது.

அவள் விரலில் சுற்றிய வாரை அவிழ்த்தாள். பிறகு இறங்கினாள். “இருங்கோ அக்கா. சீற் உங்களுக்குத்தான்” என்றுவிட்டுத் தண்ணீர்க் கரையோரம் நடந்துபோனாள்.

ஏறி இருந்தேன்.

ஹெனிங் திறப்பை என் கணவரிடம் கொடுத்தார். “படத்துக்கு முன்னால் இந்தப் பக்கமாக ஒரு வட்டம் ஓட்டி வாருங்கள். இயந்திரம் சூடானால்தான் முகமும் நன்றாக வரும்.” கதவைச் சாத்தினார். வான் இருமியது, நடுங்கியது, நகர்ந்தது.

வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. சீற்றுக்குள் ஒரு கம்பி தொடையில் குத்தியது. ஹெனிங் எவ்வளவு கழுவியும் கோழி மணம் போகவில்லை.

“பெல்ற் போட்டனீரோ?” என்றார் என் கணவர்.

“ஓம்.”

“வலப்பக்கம் பாரும். சைக்கிள் வருதோ?”

“இல்லை.”

அவ்வளவுதான். பிறகு ஒரு சொல்லும் இல்லை. நான் பொறுத்துப் பார்த்தேன். கிறேன் வரைக்கும் போய்த் திரும்பினோம், அப்போதும் ஒன்றும் இல்லை.

“இஞ்சேருங்கோ. இதில இருந்து விஜிதாவோட என்ன கதைச்சனீங்கள்?”

“என்னத்தைக் கதைக்கிறது? அவ வழி சொல்லுவா, நான் திருப்புவன்.”

“மூண்டு வருசமும்?”

“உமக்கு விளங்காது ஞானம். பின்னுக்கு ரெண்டு உயிர். பொலிஸ் கண்டால் முடிஞ்சுது. சடாரெண்டு பிறேக் அடிச்சால் மூட்டை முழுக்க உங்கட தலையில. நான் பலகைக்குக் காதைக் குடுத்துக்கொண்டுதான் ஓடினனான். சிரிப்புக் கேட்டால் நிம்மதி. சிரிப்பு நிண்டால் நெஞ்சு இடிக்கும். எத்தினை தரம் றோட்டுக்கரையில நிப்பாட்டி வந்து கதவைத் திறந்து பாத்தனான்?”

நான் அப்போது அவர் மூத்திரம் பெய்யத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

“அப்பிடி என்ன கதைச்சவன் அவன்?” என்றார், றோட்டைப் பார்த்தபடி. சும்மா கேட்கிற குரல் இல்லை அது.

அப்போதுதான் விளங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் சோடியாக இருந்த இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பின்பக்கத்துக்கே காதை வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் பொறாமைப்பட அந்த சீற்றில் ஒன்றுமே இருக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை, ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு காலம் வைத்திருந்த எரிச்சலை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

வைக்க இடம் இருந்தது. அதுதான் அதைவிடக் கேவலம். ஏனென்றால் நாங்கள் பின்னால் இருந்து சிரித்ததெல்லாம் விஜிதாவைப் பற்றித்தான். முன்னுக்கும் அவள், பின்னுக்கும் அவள். இருட்டுக்குள் என்னோடு மூன்று வருடம் இருந்த மனிதன் வாயைத் திறந்தால் தன்னுடைய பெண்சாதியைப் பற்றித்தான் திறந்தான். என்னைப் பற்றி அப்படி ஒருவர் ஒரு மணித்தியாலம் கதைத்திருப்பாரா? பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் கியரை மாற்றினார்.

வான் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஹெனிங் படமெடுப்பவரோடு நின்றார். தூரத்தில் விஜிதா தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். சின்ன முதுகு. நாலு வருடமாகக் கேட்க ஆள் இல்லாத கேள்வியோடு விடிய வெள்ளன ரெயின் ஏறி வந்திருக்கிறாள். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். இன்றைக்கு நான் சொல்லாவிட்டால் அவள் ஓல்போர்க்குக்கு அப்படியே திரும்பிப் போவாள், பிறகு எங்களில் ஒருத்தி செத்துப்போவாள்.

கதவைத் திறந்து இறங்கினேன்.

“எங்கே போகிறீர்கள்? மணி பதினொன்று!” என்றார் ஹெனிங். “படம்!”

“இவரை எடுங்கள்” என்றேன். “பிறகு எங்களுக்குப் பின் கதவைத் திறந்துவிடுங்கள்.”

“இஞ்ச, ஞானம்!” என்று என் கணவர் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. கரைக்குப் போய் விஜிதாவின் கையைப் பிடித்தேன்.

“வாரும்.”

“எங்க?”

“வந்து ஏறும்.”

பின்பக்கத்தில் ஹெனிங் அலங்காரத்துக்கு இரண்டு பாண் பெட்டிகள் வைத்திருந்தார். இரண்டு கிழவிகள் ஏறுவதற்கு ஒருவர் தள்ள வேண்டியிருந்தது. தள்ளினார், பாவம். நான் கதவைச் சாத்தச் சொன்னதும் அவருடைய முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சாத்தினார்.

இருட்டு. விஜிதா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

நான் தொண்டையைச் செருமி, தவராஜா அந்த இருட்டில் எடுக்கும் வானொலி அறிவிப்பாளர் குரலை எடுத்தேன். “நேயர்களே, வணக்கம். கோல்டிங்கிலிருந்து நேரடி வர்ணனை. முன் ஆசனத்தில் விஜிதா அம்மையார் வரைபடத்தை விரிக்கிறார். வரைபடம் பெரிது. சாரதியின் முகம் மறைகிறது. சாரதி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் துணிவில்லை.”

பிடி தளர்ந்தது. “அக்கா?”

“பொறும். ‘அம்மையார் இடப்பக்கம் என்கிறார். வாகனம் இடப்பக்கம் திரும்புகிறது. அவசரப்படாதீர்கள் நேயர்களே. அம்மையார் இப்போது வரைபடத்தைத் தலைகீழாக மாற்றுகிறார்.’ அவர் சொல்லி வாய் மூட முதல் வான் நிக்கும். பின்னுக்கு எடுக்கும். நான் மூட்டையால உருண்டு விழுந்து சிரிப்பன்.”

“இதுதானோ?”

“இதுதான். மூண்டு வருசமும் இதுதான். நீர் என்ன சொல்லுவீர், எப்ப மாத்திச் சொல்லுவீர், எந்த வளைவில ‘ஐயோ அண்ணை’ எண்டுவீர். ஒண்டும் தப்பாது. கண்ணை மூடிக்கொண்டு உம்மைப் பாத்த மாதிரிச் சொல்லுவார்.”

“நான் ஒருக்காத்தான் பிழையாச் சொன்னனான்!”

“ஒருக்காவோ? கடலே இல்லாத ஹெர்னிங்குக்கு எண்டு வெளிக்கிட்டு, கதவைத் திறந்தால் கடல் தெரிஞ்சுது.”

அவள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. அழப்போகிறாளோ என்று நினைத்தேன்.

“இன்னொண்டு. அவருக்கு முன்னுக்கு இருந்தால் வாந்தி வாறது பொய். என்னட்டைச் சொன்னவர். ‘விஜிக்கு இருட்டு ஏலாது அக்கா, பங்கருக்குள்ள இருந்த நாளில இருந்து. வெளிச்சம் உள்ள இடத்தில அவள் இருக்கட்டும்’ எண்டு.”

வெளியே படமெடுப்பவர் என் கணவரைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, எனக்குப் பக்கத்தில், இருட்டுக்குள், சின்னதாக ஒரு சத்தம் தொடங்கியது. முதலில் விக்கல் மாதிரி. பிறகு பெட்டி ஆடத் தொடங்கியது. விஜிதா சிரித்தாள். “கடல்” என்றாள், “கடல் அக்கா” என்றாள், திரும்பவும் சிரித்தாள். இத்தனை காலத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல சிரிப்பு. அதற்கும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “வேற என்ன சொன்னவர்? உங்களைப் பற்றி?”

“என்னைப் பற்றியோ?”

ஒரு பனிக்காலச் சனிக்கிழமை, கிரின்ஸ்டெட் போகும் வழியில், சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் களைத்துப்போய் இருந்தோம். தவராஜா குரலை இறக்கி, வானொலிக்காரனாக இல்லாமல் தானாகவே சொன்னார். “விஜி சிரிக்கமாட்டா அக்கா. நீங்கள் சிரிக்கிறபடியாத்தான் எனக்குக் கதை வருது.”

விஜிதாவுக்கு நோகும் என்பதற்காக நான் அதை மறைத்தேன் என்று சொன்னால் நல்லாயிருக்கும். அதற்காக இல்லை. மூன்று வருடம் மூட்டையில் குந்தியிருந்ததற்கு எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு வசனம்தான். மற்றதெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டேனே.

“ஒண்டும் சொல்லேல்லை” என்றேன்.